பச்சை உப்பும் கலவை அறையும்: சிவகாசிப் பட்டாசில் நச்சுப்பொருள் குறைப்பு

பட்டாசு காற்றில் கலந்துவிடுவதற்கென்றே செய்யப்படும் பொருள். ஆலைப் புகைக்குப் புகைபோக்கியில் வடிகட்டி பொருத்தலாம்; சாயக் கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பலாம். தெருவில் கொளுத்தப்படும் புஸ்வாணத்துக்கு இப்படி எதையும் செய்ய வழியில்லை. அதற்குள் திணிக்கப்பட்ட ஒவ்வொரு கிராம் மருந்தும் சில நொடிகளில் புகையாகவோ தூளாகவோ சாம்பலாகவோ வெளியேறிவிடும். எனவே பட்டாசின் மாசு எவ்வளவு என்பது தீபாவளியன்று தெருவில் முடிவாவதில்லை. பல மாதங்களுக்கு முன்பே, விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் ஒரு கலவை அறையில் முடிவாகிவிடுகிறது. நச்சுப்பொருளை மூலத்திலேயே குறைப்பது மற்றத் தொழில்களுக்குப் பல வழிகளில் ஒன்று. பட்டாசுக்கு அது ஒன்றே வழி.

இந்தியாவில் விற்கும் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, தாயில்பட்டி வட்டாரங்களில் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளில் தயாராகிறது. உற்பத்தி இப்படி ஒரே வட்டாரத்தில் குவிந்திருப்பதால், இங்கே கலவை மாறினால் நாடு முழுவதும் புகை மாறும். அத்தகைய மாற்றம் இந்த வட்டாரத்தின் தொழில்களுக்குப் புதிதும் அல்ல.

சிவகாசியின் பி. அய்யநாடாரும் ஏ. சண்முகநாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923இல் ஊர் திரும்பினர். அவர்கள் கற்றுவந்த தொழில் அதற்குள் ஒரு பெரிய நச்சிலிருந்து விடுபட்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தீக்குச்சிகளில் வெண் பாஸ்பரஸ் இருந்தது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் தாடை எலும்பு அழுகிப்போனது. 1898இல் பிரான்சில் பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடு என்ற நச்சுக் குறைந்த மாற்று கிடைத்தது. 1906இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகளில் சில வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியைக் கைவிட உடன்பட்டன. இந்தியாவில் 1913இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. அச்சட்டம் பத்து ஆண்டுகள் தாமதித்திருந்தால் அந்தத் தாடைநோய் சிவகாசிக்கும் வந்திருக்கக்கூடும். தீக்குச்சி மாற்றத்தின் வெற்றிக்குக் காரணமானவை இரண்டு: மாற்றுப்பொருள் கைவசம் இருந்தது, தடை நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தமாக வந்ததால் ஒருவர் திருந்தி மற்றவர் லாபம் பார்க்க இடம் குறைந்தது.

இரண்டாவது மாற்றம் பட்டாசிலேயே நடந்தது. பொட்டாசியம் குளோரேட் விலை மலிவு, எளிதில் பற்றும். ஆனால் கந்தகத்தோடு சேர்ந்தால் லேசான உராய்வே வெடிக்கப் போதும். கந்தகத்தில் இயல்பாக உண்டாகும் சிறிதளவு அமிலம் குளோரேட்டைச் சிதைத்து, கலவையைத் தானாகவே பற்றவைக்கவும் கூடும். 1992 ஜனவரி 27ஆம் நாள் மைய அரசு, குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருளைத் தயாரிக்கவும் வைத்திருக்கவும் இறக்குமதி செய்யவும் தடை விதித்தது. தீக்குச்சித் தலைக்கும் பொம்மைத் துப்பாக்கிக் கேப்புக்கும் விலக்கு தரப்பட்டது. இந்தத் தடை தொழிலாளர் உயிரைக் காக்க வந்தது. காற்று மாசு அப்போது பேச்சிலேயே இல்லை. தொழில் வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டுக்கும் அலுமினியப் பவுடருக்கும் பேரியம் நைட்ரேட்டுக்கும் நகர்ந்தது. இன்றைய சிக்கல் தொடங்கும் இடமும் அதுவே.

பேரியம் நைட்ரேட்டைப் பட்டாசு ஆலைகளில் பச்சை உப்பு என்பார்கள். பேரியமும் குளோரினும் சேர்ந்து எரியும்போது பச்சை ஒளி வரும் என்பதால் இந்தப் பெயர். பெயரைக் கேட்டால் பச்சை நிறப் பட்டாசுக்கு மட்டும் பயன்படுவது போலத் தோன்றும், நடைமுறை வேறு. ஆக்சிஜனைத் தரும் உப்பாக அது கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம், பேன்சி ரகங்கள் எனப் பெரும்பாலானவற்றில் புகுந்திருந்தது. அலுமினியத்தோடு சேர்ந்து கண்ணைப் பறிக்கும் வெள்ளொளி தருகிறது. காற்றின் ஈரத்தை இழுப்பதில்லை. மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்தாலும் கெடுவதில்லை. ஆண்டு முழுவதும் உற்பத்தி செய்து ஒரே பண்டிகைக்கு விற்கும் தொழிலுக்கு இந்த மூன்றாவது குணம் மிக முக்கியம்.

கம்பி மத்தாப்பு தயாராவதைப் பார்த்தால் இது விளங்கும். நறுக்கிய கம்பிகளை மரச்சட்டத்தில் வரிசையாகச் செருகுகிறார்கள். பேரியம் நைட்ரேட், அலுமினியப் பவுடர், இரும்புத்தூள், பசைமாவு ஆகியவற்றைக் கூழ்போலக் கரைத்த தொட்டியில் சட்டத்தோடு முக்கி எடுத்து வெயிலில் காயவைக்கிறார்கள். காய்ந்ததும் மறுபடி முக்குகிறார்கள். கூழ் ஈரமாக இருக்கும்போது அலுமினியமும் நைட்ரேட்டும் வினைபுரிந்து தாமாகவே சூடேறக்கூடும். அதைத் தடுக்கச் சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. எந்தக் கூழ் எவ்வளவு நேரம் தாங்கும், எந்தப் பதத்தில் கம்பியில் நிற்கும் என்ற அறிவு பல ஆண்டுப் பழக்கத்தில் கைக்கு வந்தது. மருந்து அறையில் வேலை முடித்து வருபவரின் கைகால்கள் வெள்ளி பூசியதுபோல மின்னும். பட்டாசின் வேதிப்பொருளை முதலில் ஏற்கும் உடல் அவருடையது. வாங்கிக் கொளுத்துபவரின் முறை பிறகே வருகிறது. மாசு பற்றிய விவாதங்களில் இந்த வரிசை அடிக்கடி மறக்கப்படுகிறது.

பேரியத்தின் தீங்கு அது எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எக்ஸ்ரே எடுக்கும்முன் நோயாளி குடிக்கும் பேரியம் சல்பேட் நீரில் கரையாது, எனவே உடலில் சேராது. நைட்ரேட்டும் குளோரைடும் கரையும். கரைந்த பேரியம் உயிரணுக்களின் பொட்டாசியம் வழிகளை அடைத்து, இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்து, தசைத் தளர்ச்சியையும் இதயத் துடிப்புக் கோளாற்றையும் உண்டாக்கும். குடிநீரில் லிட்டருக்கு 0.7 மில்லிகிராமுக்கு மேல் பேரியம் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு.

மூன்றாவது மாற்றம் நீதிமன்றத்தின் வழியே வந்தது. 2015இல் தில்லியில் மூன்று குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தையர் உச்ச நீதிமன்றத்தில் மனு செய்தனர். அர்ஜுன் கோபால் வழக்கு என்று அது அறியப்படுகிறது. 2017 ஜூலை 31 அன்று ஆண்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகிய ஐந்தும் பட்டாசில் கூடாது என நீதிமன்றம் ஆணையிட்டது. 2018 அக்டோபர் 23 அன்று பேரிய உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. மாசு குறைந்த பட்டாசும் பசுமைப் பட்டாசும் மட்டும் அனுமதிக்கப்பட்டன. முதல் ஆணை தொழிலைப் பெரிதாக அசைக்கவில்லை, அந்த ஐந்தும் அடிப்படைச் சரக்குகள் அல்ல என்பதால். இரண்டாவது ஆணை கலவை அறையின் நடுவிலேயே விழுந்தது.

மாற்றுக் கலவைகளை உருவாக்கும் பணி நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியிடம் சேர்ந்தது. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்ற பெயர்களில் அது வடிவங்களைத் தந்தது. ஸ்வாஸ் வெடிக்கும்போது நீராவியை விட்டுத் தூசியை அமுக்கும். ஸ்டாரில் வெடியுப்பும் கந்தகமும் இல்லை. சஃபலில் அலுமினியம் மிகக் குறைவு, அதனிடத்தில் மக்னீசியம். 2019 அக்டோபரில் இவை விற்பனைக்கு அறிமுகமாயின. பெட்டியில் கியூஆர் குறியீடும் பசுமைச் சின்னமும் அச்சிடப்பட்டன. நுண்துகள் மாசு குறைந்தது 30 விழுக்காடு குறையவேண்டும் என்பது அளவுகோல்.

இந்த 30 விழுக்காட்டைக் கவனமாகப் படிக்கவேண்டும். அது பழைய கலவையோடு ஒப்பிட்ட குறைவு. மீதி 70 விழுக்காடு காற்றில்தான் கலக்கிறது. கொளுத்துபவர் இரு மடங்கு வாங்கினால் அந்த ஆதாயம் கரைந்துவிடும். மேலும், நுண்துகளின் எடை ஒன்று, அத்துகளின் நச்சு வேறொன்று. பேரியம் உள்ள ஒரு கிராம் புகையும் பேரியம் இல்லாத ஒரு கிராம் புகையும் எடைக்கருவியில் சமம், நுரையீரலில் சமமல்ல. உற்பத்தியாளர்கள் பேரியத்தைக் குறைத்த அளவில் சேர்த்து மேம்படுத்திய கலவைகளுக்கு அனுமதி கேட்டபோது, 2023 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. எடையை மட்டும் பார்த்தால் இம்மறுப்பு கடுமையாகத் தோன்றலாம். நச்சைக் கணக்கில் எடுத்தால் அது சரியான முடிவே. கலவை அறைத் தொழிலாளிக்குச் ‘சிறிது பேரியம்’ என்பது ஆண்டு முழுவதும் பேரியம்.

ஆயினும் ஆணை ஒழுங்காக நிறைவேறவில்லை. நீதிமன்றம் பணித்தபடி மத்தியப் புலனாய்வுத் துறை மாதிரிகளைச் சோதித்து அளித்த அறிக்கை 2021இல் விசாரணைக்கு வந்தது. சில மாதிரிகளில் பேரிய உப்பு இருந்தது. பெட்டியில் எழுதியது ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று. இதை உற்பத்தியாளரின் பேராசை என்று மட்டும் விளக்குவது போதாது. 1913இல் போல முழுமையான மாற்று 2018இல் கைவசம் இல்லை. பேரியத்துக்குப் பதில் பொட்டாசியம் நைட்ரேட்டையும் ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டையும் நாடினால், ஸ்ட்ரான்சியம் உப்பு ஈரத்தை இழுக்கிறது. பச்சை நிறத்துக்கோ எளிய ஈடு கிடையாது. போரான் கார்பைடைக் கொண்டு பச்சை ஒளி பெறலாம் என்று அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள் 2011இல் காட்டினர். ஆனால் குடிசைத் தொழிலுக்கு அருகில் நிற்கும் ஆலைக்கு அது எட்டாத சரக்கு. ஆணை முன்னே வந்தது, மாற்று பின்னே வந்தது. இடையில் விழுந்த பள்ளத்தில் பச்சை உப்பு மறைவாகத் தொடர்ந்தது.

கண்காணிப்பின் அமைப்பும் பலவீனமானது. உரிமங்களில் சில மாவட்ட நிர்வாகத்திடமும் மற்றவை வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் சென்னை, நாக்பூர் அலுவலகங்களிடமும் உள்ளன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தனி. உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விடும்போது, கலவையை முடிவு செய்பவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர் ஆகிறார். ஆயிரம் ஆலைகளின் அறைகளைத் தேடிச் சோதிப்பதைவிட, விற்குமிடத்தில் உப்பைக் கண்காணிப்பது எளிது. பேரியம் நைட்ரேட்டைத் தயாரிப்போரும் மொத்தமாக விற்போரும் எண்ணிக்கையில் மிகக் குறைவு. மூட்டை எந்த மாவட்டத்துக்குப் போகிறது என்ற கணக்கு கட்டாயமானால், ஆய்வாளர் ஆலையின் வாசலில் நிற்கவேண்டிய தேவை பெரிதும் குறையும்.

ஒரு நச்சை நீக்கும்போது வேறொன்று உள்ளே வருவதையும் கவனிக்கவேண்டும். சிவகாசி வட்டார நிலத்தடி நீர் பற்றி 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், பட்டாசில் ஆக்சிஜன் தரும் மற்றோர் உப்பான பெர்குளோரேட் ஒரு மாதிரியில் லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம் வரை இருந்தது. அதே ஆய்வில் மதுரையின் அளவுகள் மிகக் குறைவு. அப்போது அமெரிக்காவின் குடிநீர் வழிகாட்டு அளவு 15 மைக்ரோகிராம். பெர்குளோரேட் தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கும். கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அது கூடுதல் கேடு. மருந்து காயப் பயன்படும் வறண்ட வெயில்தான் தொழிலை இந்த மண்ணில் வளர்த்தது. வானம் பார்த்த அதே பூமியில் நீர் குறைவு என்பதால், கிணற்றில் சேர்ந்த உப்பு கரைந்து விலகவும் வழி குறைவு. நீதிமன்ற ஆணைகளின் பட்டியலில் பெர்குளோரேட் இல்லை. தில்லியின் காற்றிலிருந்து தொடங்கிய வழக்கு சிவகாசியின் கிணற்றை எட்டாததில் வியப்பில்லை. ஆனால் அது ஒரு குறைதான்.

பாதுகாப்பும் இதோடு பிணைந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேரும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோரும் வெடிவிபத்தில் இறந்தனர். ஒவ்வொரு புதிய கலவைக்கும் புதிய உராய்வுத் தன்மை, புதிய ஈரப்பதக் குணம். மக்னீசியம் அலுமினியத்தைவிட ஈரத்தோடு விரைந்து வினைபுரியும். பழைய கலவையில் பழகிய கை புதியதைப் பழையதுபோலவே கையாளும். இப்போது புகையை நீரியும் வெடிப்பு ஆபத்தை வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பும் தனித்தனியே பார்க்கின்றன. ஒரே சோதனையில் புகை, உராய்வு, கழிவு மூன்றும் தேறினால் மட்டுமே கலவைக்கு அனுமதி என்றாகவேண்டும். தேறிய கலவையை ஆலைக்குத் தருமுன் அதைக் கையாளும் முறையை அறைத் தொழிலாளர்களுக்குத் தமிழில், செய்துகாட்டிக் கற்றுத்தரும் கடமையும் அனுமதி தரும் அமைப்பின்மீதே விழவேண்டும்.

தடை செய்யவேண்டிய பொருள் எது என்பதிலும் மறுபார்வை தேவை. புனேயின் செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2016இல் அளந்தபோது, மிகச் சிறியதும் சத்தமே இல்லாததுமான பாம்பு மாத்திரைதான் முதலிடத்தில் நின்றது: அதன் அருகே நுண்துகள் அளவு கனமீட்டருக்கு 64,500 மைக்ரோகிராம். சரவெடி 38,540, கம்பி மத்தாப்பு 10,390, புஸ்வாணம் 4,860. குழந்தைகள் குனிந்து, முகத்தருகே வைத்துப் பார்க்கும் பட்டாசு அந்தப் பாம்பு மாத்திரை. ஒலியை வைத்து 1999இல் வகுத்த விதிகள், நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபல் என்று வரம்பு கட்டின. சத்தமில்லாத பாம்பு அந்த வரம்புக்குள் வரவே இல்லை. அதை உற்பத்திப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு மாற்றுக் கலவை எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தொழிலின் வருவாயில் அதன் பங்கும் சிறிதே.