தினமும் இரண்டணா: பிக்மி சேமிப்பின் கதை



புது வருடம் பிறந்தால் நம்மில் பலர் பெரிய தீர்மானம் எடுக்கிறோம். தினம் ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும், மாதம் பத்தாயிரம் சேமிக்க வேண்டும் என்று. பொங்கல் முடிவதற்குள் அது விட்டுப்போகிறது. இலக்கைச் சிறியதாக வைத்துக்கொண்டால் பழக்கம் நிலைக்கும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நம் நாட்டு வங்கி ஒன்று இதை 1928ஆம் ஆண்டிலேயே செய்து காட்டிவிட்டது. வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் எழுதுவதால், இந்தக் கதையில் கணக்கும் கொஞ்சம் கலந்துதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1925இல் உடுப்பியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு வங்கியைத் தொடங்கினார்கள். உபேந்திர அனந்த பை வியாபாரி, வாமன் குட்வா பொறியாளர், டி.எம்.ஏ. பை மருத்துவர். முதலீடு 8,000 ரூபாய். வங்கியின் பெயர் கனரா இண்டஸ்ட்ரியல் அண்ட் பேங்கிங் சிண்டிகேட். 1964இல் அது சிண்டிகேட் வங்கி ஆனது.

அந்தச் சமயத்தில் அந்தப் பக்கத்துக் கைத்தறி நெசவாளர்கள் மிகவும் நொடித்துப் போயிருந்தார்கள். அவர்களுக்குக் கடன் கொடுத்துத் தூக்கிவிடுவது வங்கியின் முக்கிய நோக்கம். கடன் கொடுக்க வேண்டுமானால் டெபாசிட் வேண்டும். பெரிய பணக்காரர்களை நம்பாமல், ஊர் மக்களின் சின்னச் சின்னச் சேமிப்பைத் திரட்டுவது என்று முடிவு செய்தார்கள். அதற்காக 1928இல் வந்ததுதான் பிக்மி டெபாசிட். தினமும் இரண்டணா இருந்தால் போதும், கணக்கு நடத்தலாம். வங்கிக்குப் போக வேண்டியதில்லை. ஏஜென்ட் வீட்டு வாசலுக்கு, கடை வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டு போவார்.

இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன். பதினாறு அணா ஒரு ரூபாய். தினம் இரண்டணா என்றால் முப்பது நாளில் 3 ரூபாய் 12 அணா. 365 நாளும் விடாமல் கட்டினால் 45 ரூபாய் 10 அணா. தினக்கூலி வாங்கும் ஒருவர் மாதக் கடைசியில் 3 ரூபாய் 12 அணாவை மொத்தமாக எடுத்துவைப்பது நடக்காத காரியம். அதுவே இரண்டணா என்றால் வெற்றிலை பாக்குச் செலவோடு போய்விடும். சேர்வது ஒரே தொகைதான். ஆனால் அன்றாடம் கையிலிருந்து போவது பாரமாகத் தெரியாது.

இங்கிலாந்திலும் இதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்தது. அங்கே அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1861இல் தொடங்கியபோது குறைந்தது ஒரு ஷில்லிங் கட்ட வேண்டும். ஏழைகளுக்கு அதுவே பெரிய தொகை. 1880இல், ஒரு பென்னி தபால்தலையாக வாங்கி ஒரு தாளில் ஒட்டிக்கொண்டே வரலாம், பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ஷில்லிங்காகக் கணக்கில் ஏறும் என்று வழி செய்தார்கள். நம் நாட்டு அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882இல் வந்தது. இரண்டு இடத்திலும் கட்டுகிறவர்தான் அஞ்சலகத்துக்குப் போக வேண்டும். உடுப்பிக்காரர்கள் செய்த புதுமை, வங்கியையே வாசலுக்கு அனுப்பியது.

இதில் வட்டிக் கணக்கு ஒன்று உண்டு. ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்க வேண்டியிருப்பதால் பிக்மிக்கு வட்டி குறைவு. பி.காம். படித்த எனக்கு, வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது புரியவில்லை. வேறு டெபாசிட்டில் கூடுதல் வட்டி இருக்கும்போது ஏன் இதில் கட்டுகிறார்கள்? கவுண்டரில் உட்கார்ந்து பல வருடம் பார்த்த பிறகுதான் விளங்கியது. தினமும் ஒருவர் வந்து ஞாபகப்படுத்துவதற்கு மக்கள் கொடுத்த கூலி அது.

விஜயவாடாவின் குடிசைப் பகுதி ஒன்றில் நடந்த தினச் சேமிப்பைப் பற்றி ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்டு என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். பணம் சேகரிக்கும் பெண்மணி, 220 கட்டங்கள் போட்ட அட்டை ஒன்றைக் கொடுப்பார். கட்டத்துக்கு 5 ரூபாய் வீதம் கட்டி முடித்தால் மொத்தம் 1,100 ரூபாய். திரும்பக் கிடைப்பதோ 1,000 ரூபாய்தான். அதாவது சேமிப்பவர்களே 100 ரூபாய் கொடுத்துச் சேமித்தார்கள்! பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் போன்ற செலவுக்கு மொத்தமாக 1,000 ரூபாய் கைக்கு வந்தது அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

வெயிலிலும் மழையிலும் வாசல் வாசலாக ஏறி இறங்கிய ஏஜென்டுகளை நாம் மறக்கக் கூடாது. அவர்கள் வெறும் கமிஷன்காரர்கள் அல்ல, சட்டப்படி தொழிலாளர்கள்தான் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. அதற்கு அவர்கள் பல வருடம் வழக்கு நடத்த வேண்டியிருந்தது.

நம் பக்கத்துப் பெண்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் வைத்த சிறுவாட்டுப் பணம்தான் எத்தனையோ வீடுகளில் அவசரத்துக்குக் கைகொடுத்தது. ஆனால் இதே கொங்கு மண்ணில் நேர்மாறானதும் நடந்தது. 2009இல் திருப்பூரில் அந்நியச் செலாவணி வியாபாரம் என்றும், 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி என்றும் பெரிய லாபத்தை நம்பிப் பணத்தைக் கொட்டியவர்கள் ஏராளம். சிறுகச் சிறுகச் சேர்த்த வருடங்களின் பலன் ஒரே கையெழுத்தில் போயிற்று. சேர்க்கும்போது இருந்த பொறுமை, போடும்போதும் வேண்டும்.

இப்போது ஆர்.டி., எஸ்.ஐ.பி. எல்லாம் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்கின்றன. பணத்துக்கு அது நல்லதுதான். ஆனால் நடைப்பயிற்சிக்கும், வேளைக்கு மாத்திரை சாப்பிடுவதற்கும், பேரப்பிள்ளைக்குக் கதை சொல்வதற்கும் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. அதற்கு நாமேதான் பிக்மி கணக்கு திறக்க வேண்டும். முறை பழையதுதான்.

தொகை இரண்டணா அளவுக்கு இருக்கட்டும். ஐந்து கிலோமீட்டர் வேண்டாம், நம் வளாகத்தையே இரண்டு சுற்று போதும். நேரம் ஒன்றாக இருக்கட்டும். ஏஜென்ட் தினம் ஒரே நேரத்துக்கு வந்ததால்தான் பணம் தயாராக இருந்தது. முடித்த உடனே காலண்டரில் ஒரு டிக் போடுங்கள், அதுதான் உங்கள் பாஸ்புக். ஒரு நாள் தவறினால் கணக்கு மூடிவிடாது. மறுநாள் தொடருங்கள். முக்கியமாக, உங்கள் தளத்தில் யாராவது ஒருவரை ஏஜென்டாக வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்டில் பார்க்கும்போது "இன்னைக்கு ஆச்சுங்களா?" என்று அவர் கேட்டால் போதும். நீங்களும் அவரைக் கேளுங்கள். இதற்குக் கமிஷன் இல்லை.

சிண்டிகேட் வங்கி 1969 ஜூலை 19 அன்று நாட்டுடைமையானது. 2020 ஏப்ரல் 1 அன்று கனரா வங்கியோடு இணைந்து, பெயரும் போய்விட்டது. தினமும் கொஞ்சம் என்ற பழக்கத்துக்கு வங்கியின் பெயர்ப் பலகை தேவையில்லை. அடுத்த மடல் வருவதற்குள் ஏறக்குறைய 90 நாள் இருக்கிறது. இன்றைக்கே முதல் இரண்டணாவைக் கட்டிவிடுங்கள்.