எம்.டி: ‘வீக்கெண்ட்ல மட்டும்தான்’ ஏன் அதோடு நிற்பதில்லை?

மும்பையில் ‘எம்.டி’ என்றால் டாக்டர் பட்டம் மட்டும் இல்லை. மெஃபெட்ரோன் என்ற செயற்கைப் போதைப்பொருளுக்கும் இங்கே அதுதான் பெயர். ‘மியாவ் மியாவ்’ என்றும் சொல்வார்கள். எம்.டி.எம்.ஏ.வும் இதுவும் ஒன்று என நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு ரசாயனங்கள்.

1929-லேயே ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது இது. 2000-களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் இணையம் வழியாகப் பரவியது. பிரிட்டன் 2010 ஏப்ரலில் தடை செய்தது. இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தது 2015 பிப்ரவரியில்தான்.

உடம்புக்குள் போனால் என்ன ஆகிறது? டோபமைன், செரடோனின், நோர்அட்ரினலின் மூன்றையும் மூளை ஒரே நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது. மூக்கு வழியாக இழுத்தால் சில நிமிடங்களில் உற்சாகம், பேச்சு, தன்னம்பிக்கை எல்லாம் ஏறும். இரண்டு, மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். சிக்கலே இந்த வேகத்தில்தான் இருக்கிறது. இறங்கும்போது வரும் வெறுமையைத் தாங்க முடியாமல் இன்னொரு முறை, அப்புறம் இன்னொரு முறை என்று ஒரே ராத்திரியில் பலமுறை எடுப்பது இதில் சகஜம். ‘கொஞ்சம்தான்’ என்று ஆரம்பித்தவர் மொத்தம் எவ்வளவு எடுத்தார் என்பது அவருக்கே தெரியாது. அந்தப் பொடியில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது.

இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். உடல் சூடு ஏறும், தாடை இறுகும், மூக்கில் ரத்தம் வரும். தூக்கமும் பசியும் போய்விடும். தொடர்ந்து எடுத்தால் யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம், இல்லாத குரல் கேட்பது வரை போகலாம். நிறுத்திய நாட்களில் கடும் சோர்வும் மனச்சோர்வும் வரும். சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வரலாம். திங்கட்கிழமை ஆபீஸ் வேலை ஓடுவதற்காகவே ஒருவர் எடுக்க ஆரம்பித்துவிட்டால், அதற்குப் பெயர் இனி ‘பார்ட்டி’ இல்லை.

செய்திகளில் வரும் கோடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஆகஸ்டில் மும்பை போலீஸ் நாலாசோபாராவில் சுமார் 701 கிலோ பிடித்தபோது மதிப்பு 1,403 கோடி ரூபாய் என்றார்கள். அதே மாதம் குஜராத்தின் அங்கலேஸ்வரில் 513 கிலோ, 1,026 கோடி. வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் கிலோவுக்கு 2 கோடிதான் வரும். எடையை ஒரே விலையால் பெருக்கிய கணக்கு அது. எத்தனை பேர் அடிமையாகியிருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. அதைவிட முக்கியமான எண் எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வில் இருக்கிறது: சட்டவிரோதப் போதைப்பொருளைச் சார்ந்திருப்பவர்களில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது.

மற்ற 19 பேரை வீட்டில் என்ன செய்வோம்? மும்பைத் தமிழ் வீடுகளில் முதலில் வரும் யோசனை, ‘ரெண்டு மாசம் ஊருக்கு அனுப்பிடலாம்’. இடம் மாறினால் பழைய சகவாசம் விடும், உண்மைதான். ஆனால் மனச்சோர்வு கூடவே ரயிலேறிப் போகும், அங்கே அதைக் கவனிக்க ஆள் இருக்காது. ஓபியம் வகைப் போதைக்கு இருப்பதுபோல இதற்கு மாற்று மருந்து கிடையாது. உளவியல் சிகிச்சை, தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவம், தொடர் கண்காணிப்பு, இவைதான் வழி.

‘ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆகுமா?’ என்பதுதான் பலரையும் தடுக்கும் பயம். சட்டத்தின் 64ஏ பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது உள்ளாட்சி நடத்தும், அங்கீகரிக்கும் மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அது பறிபோகலாம். மெஃபெட்ரோனுக்குச் ‘சிறிய அளவு’ என்பது 2 கிராம். 50 கிராமைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு சிறை.

தாராவி, மாட்டுங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சயான் மருத்துவமனை மாநகராட்சியுடையது, மனநலப் பிரிவு உண்டு. பரேலில் கே.இ.எம்., மும்பை சென்ட்ரலில் நாயர் மருத்துவமனைகளும் அப்படியே. போனில் பேச 14446 என்ற போதை மீட்பு உதவி எண், மனநலத்துக்கு டெலிமானஸ் 14416.

நெஞ்சுவலி, வலிப்பு, உடல் கொதிப்பது, நினைவு தடுமாறுவது, இதில் எது வந்தாலும் ‘தூங்கினா சரியாயிடும்’ என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். எம்.டி எடுத்திருக்கிறார் என்பதையும், கூடவே மது குடித்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.