உணர்வும் அளவும்: காய்ச்சல் பற்றிய கூற்றுக்களின் வரலாறு

அன்றாட உரையாடலில் இடம்பெறும் கூற்றுக்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. ‘எனக்குக் குளிர்கிறது’ என்பது பேசுவோரின் உணர்வைத் தெரிவிப்பது. ‘உடல் வெப்பநிலை 39 பாகை செல்சியஸ்’ என்பது எவரும் சோதித்தறியக்கூடிய ஒரு நிலையைத் தெரிவிப்பது. முன்னையது அகநிலைக் கூற்று. பின்னையது புறநிலைக் கூற்று. இன்று எளிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு தெளிவுபெற நெடுங்காலம் சென்றது. காய்ச்சல் பற்றிய பேச்சின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் புரொத்தகோரஸ், ஒரு பொருள் ஒருவருக்கு எவ்வாறு தோன்றுகின்றதோ அவ்வாறே அது அவருக்கு உண்மையாகும் என்னும் கொள்கையினர். பிளேற்றோ தமது ‘தியத்தேத்தஸ்’ என்னும் உரையாடல் நூலில் இக்கொள்கையை ஆராய்கின்றார். ஒரே காற்று ஒருவருக்குக் குளிராகவும் மற்றவருக்கு அவ்வாறன்றியும் படுவதை அந்நூலிற் சோக்கிரதீஸ் எடுத்துக்காட்டுகின்றார். தத்தம் உணர்வைக் கூறுமளவில் இவ்விருவரிடையே முரண்பாடில்லை. ஆயின், தனக்குக் காய்ச்சல் வரும் என ஒருவரும், வராது என மருத்துவரும் கூறின், இரண்டும் ஒருங்கே உண்மையாதல் இயலாது. பின்னர் நிகழ்வது அவற்றுள் ஒன்றைப் பொய்யாக்கிவிடும்.

எனினும், காய்ச்சலை அளக்கும் கருவி அக்காலத்தில் இருக்கவில்லை. மருத்துவர் கையாற் தொட்டே அதனை அறிந்தனர். தொட்ட கை அறிந்ததும் ஓர் உணர்வே. இத்தாலிய மருத்துவர் சந்தோரியோ 1625இல் வெளியான தமது நூலில், நோயாளியின் வாயில் வைக்கத்தக்க வெப்பங்காட்டும் கருவியொன்றை விளக்கினார். 1724இல் பரனைற்றும் 1742இல் செல்சியசும் தத்தம் அளவுத்திட்டங்களை வெளியிட்டனர். ஜேர்மனியின் லைப்சிக் நகரிற் பணியாற்றிய மருத்துவர் வுண்டர்லிக், ஏறத்தாழ 25,000 நோயாளரிடம் பெற்ற அளவீடுகளைக் கொண்டு 1868இல் ஒரு நூலை வெளியிட்டார். காய்ச்சல் தனியொரு நோயன்று, நோயின் அறிகுறியே என்னும் கருத்து அதனால் வலுப்பெற்றது. நலமுடையோரின் உடல் வெப்பநிலை 37 பாகை என்பதும் அந்நூலின் வழியே நிலைபெற்றது.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, புறநிலைக் கூற்று என்பதற்குப் பிழையற்ற கூற்று என்பது பொருளன்று. 1992இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, சராசரி உடல் வெப்பநிலை 36.8 பாகை எனக் கண்டது. வுண்டர்லிக்கின் கூற்று பிறரால் அளந்து திருத்தப்படக்கூடியதாயிருந்தமையே அதனைப் புறநிலைக் கூற்றாக்கியது.

மற்றொன்று, அகநிலைக் கூற்றைக் கருவி பொய்யாக்குவதில்லை. காய்ச்சல் ஏறும்போது நோயாளியின் உடல் கொதிக்கின்றது; அவரோ குளிரால் நடுங்குகின்றார். ‘குளிர்கிறது’ என்னும் அவர் சொல்லும், வெப்பமானி காட்டும் 39 பாகையும் ஒருங்கே உண்மையாகும். ‘அறை குளிராக இருக்கிறது’ என்று அவர் கூறின் மாத்திரமே அது அளந்து பார்க்கவேண்டிய கூற்றாகும்.

இவ்வேறுபாட்டை மறப்பதால் விளையும் தீங்கு சிறிதன்று. வெப்பமானி வழமையான அளவைக் காட்டியதும் ‘உமக்கு ஒன்றுமில்லை’ என்று நோயாளியை அனுப்பிவிடுவோர், காய்ச்சலில்லை என்னும் முடிவிலிருந்து நோவில்லை என்னும் முடிவுக்குத் தாவுகின்றனர். உணர்வையே சான்றாகக் கொண்டு அளவீட்டை மறுப்போர் செய்வதும் அதே தவறாகும். ஒரு கூற்றைக் கேட்டதும் அது மெய்யோ பொய்யோ எனத் தீர்க்க முனைவதற்கு முன்னர், அதனைத் தீர்க்கவல்லது எது என வினவுதலே முறையாகும். வெப்பநிலைக்குக் கருவி சான்று. நோவுக்கு நோயாளியின் சொல்லே முதற் சான்று.