இந்தியா அலையன்ஸ் இடைநிலை ஆய்வு நல்கை

உயிர்மருத்துவ ஆய்வாளர்கள் இந்தியாவில் சொந்த ஆய்வுக்குழுவை நிறுவ உதவும் ஐந்தாண்டு நிதியுதவித் திட்டம். ஒன்றிய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் லண்டன் வெல்கம் அறக்கட்டளையும் இணைந்து 2008இல் உருவாக்கிய ‘இந்தியா அலையன்ஸ்’ அமைப்பு இதை வழங்குகிறது. அதன் தலைமையகம் ஹைதராபாத்தில் உள்ளது.

தொடக்கநிலை நல்கைக்கு அடுத்த படி இது. முனைவர் பட்டத்துக்குப் பின் போதிய ஆய்வு அனுபவம் பெற்றவர்கள், எந்த நாட்டுக் குடிமக்களாயினும், விண்ணப்பிக்கலாம். பணியிடம் இந்தியாவில் இருக்க வேண்டும். அடிப்படை ஆய்வாளர்களோடு மருத்துவர்களுக்கும் பொதுச் சுகாதார ஆய்வாளர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு.

ஊதிய ஆதரவு, பணியாளர், கருவிகள், பயணம் ஆகியவற்றுக்கு நிதி கிடைக்கிறது. வழிகாட்டியின் நிழலிலிருந்து விலகித் தன் கேள்வியைத் தானே தொடரும் கட்டத்தில்தான் பல ஆய்வாளர்கள் தடுமாறுகின்றனர். நீண்டகால ஆதரவு அப்போதுதான் மிகவும் தேவை. அதை நிறைவேற்றுவதே இந்நல்கையின் முதன்மைச் சிறப்பு.