நாம் இருப்பது எந்தச் சென்னை?



விலாசம் எழுதும்போது "சென்னை" என்றுதான் முடிக்கிறீர்கள். பின்கோடும் 600 என்றுதான் தொடங்குகிறது. ஆனால் சிட்லபாக்கத்தில் குடியிருக்கும் நாம் சென்னை மாவட்டத்திலும் இல்லை, சென்னை மாநகராட்சியிலும் இல்லை. நமது மாவட்டம் செங்கல்பட்டு, வட்டம் தாம்பரம். சொத்து வரி கட்டுவது தாம்பரம் மாநகராட்சிக்கு. அஞ்சல் துறையின் சென்னை வேறு, வருவாய்த் துறையின் சென்னை வேறு.

சென்னை மாநகராட்சி 1688-ல் தொடங்கியது. சுற்றியிருந்த ஊர்கள் பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை 1693-ல் கம்பெனி வசம் வந்தன. 1708-ல் நுங்கம்பாக்கம், திருவொற்றியூர் உள்ளிட்ட ஐந்து கிராமங்கள் வந்தன. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நுங்கம்பாக்கம் நகரின் நடுப்பகுதியாகிவிட்டது. திருவொற்றியூரோ தனி நகராட்சியாக இருந்து, 2011-ல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது.

அந்த 2011-ல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் சேர்ந்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது. மாவட்ட எல்லை மட்டும் மாறவில்லை. அம்பத்தூர்க்காரர் வரியைச் சென்னைக்குக் கட்டிவிட்டு, கலெக்டரைப் பார்க்கத் திருவள்ளூர் போக வேண்டியிருந்தது. 2018-ல்தான் இது சரியானது.

நம் பக்கம் கதை வேறு. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. நாம் காஞ்சிபுரம் ஆனோம். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகி, மீண்டும் அங்கேயே வந்தோம். பேரூராட்சியாக இருந்த சிட்லபாக்கம் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. 2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்குத் தனி போலீஸ் கமிஷனர்.

ஆகவே உங்கள் தாய்ப்பத்திரத்தில் ஒரு மாவட்டம், கிரயப் பத்திரத்தில் இன்னொரு மாவட்டம் இருந்தால் பதற வேண்டாம். பத்திரத்தின் தேதியைப் பாருங்கள், விடை கிடைக்கும். வங்கியில் வேலை பார்த்த காலத்தில், கணவரை இழந்த பெண்கள் வாரிசுச் சான்றிதழுக்காகத் தவறான தாலுகா ஆபீஸுக்கு அலைந்துவிட்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அது தாம்பரம் வட்டாட்சியர் அலுவலகம். வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஏரியின் உபரி நீர் செம்பாக்கம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நோக்கிப் போகிறது. பள்ளிக்கரணை 2011 முதல் சென்னை மாநகராட்சி. கீழே அங்கே கால்வாய் அடைத்துக்கொண்டால், தண்ணீர் நிற்பது இங்கே நம் தெருவில். தாம்பரத்துக்கு மட்டும் மனு கொடுப்பது பாதி வேலைதான். இந்த மழைக்கு முன் சங்கம் இரண்டு மாநகராட்சிகளுக்கும் மனு கொடுப்பது நல்லது. கையெழுத்துப் போட நீங்களும் வாருங்கள்.