பழைய பெட்டியும் ஒண்டுக்குடித்தனமும்

போன குளிர்காலத்தில் ஒரு நாள் விடிகாலை நாலரை மணிக்கு போன் அடித்தது. ஊரிலிருந்து அந்த நேரத்தில் போன் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். வெளிநாட்டில் குப்பை கொட்டும் நம் எல்லோருக்கும் இது தெரிந்த சமாச்சாரம்தான். பதறிப்போய் எடுத்தால் சாமராஜநகர் மாமா.

"கண்ணு, ஆபீஸ் பொட்டி செத்துப் போச்சாட்ட இருக்குது. ரெண்டு நாளா கீச்சு கீச்சுன்னு கத்திப்போட்டு இன்னைக்கு நின்னே போச்சு."

அடப்பாவி மாமா, இதுக்கா இந்த நேரத்தில் என்று கேட்க நினைத்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில் கேட்கவில்லை :-)

மாமாவுக்குச் சொந்த ஊர் சத்தியமங்கலம். அங்கிருந்து திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஆசனூர் வழியாகப் போனால் சாமராஜநகர். கறுப்பு கிரானைட்டுக்குப் பேர்போன ஊர். மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாக வரும் ரயில் பாதை அங்கே போய் முடிந்துவிடும். 1997-ல்தான் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக ஆக்கினார்கள். மாமா அங்கே ஒரு சின்ன கிரானைட் பாலிஷ் கம்பெனியில் கணக்கு வழக்கு பார்க்கிறார்.

செத்துப்போன பெட்டி 2006-ல் வாங்கிய சர்வர். உள்ளே விண்டோஸ் சர்வர் 2003. அதற்கு மேல் யாரோ ஒரு பையன் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிக்கொடுத்த கணக்கு ப்ரோக்ராம். பையன் எப்போதோ துபாய் போய்விட்டான். மைக்ரோசாஃப்ட்டும் 2015-லேயே இந்த விண்டோஸ், ஃபாக்ஸ்ப்ரோ இரண்டையும் கைகழுவிவிட்டது.

"புதுசா வாங்கிடலாமேங்க மாமா?"

"மொத்தமா அம்பதாயிரத்துக்கு மேல ஒத்தப் பைசா கெடையாதுன்னு மொதலாளி சொல்லிப்போட்டாரு. அது கூடப் பரவால்ல கண்ணு. நம்மகிட்ட பாலிஷ் வேலை பாத்த ஒருத்தரு போன மாசம் தவறிட்டாரு. அவரு சம்சாரம் வந்து நிக்குது. பி.எஃப். பணத்துக்கு 2009-லிருந்து 2014 வரைக்கும் சம்பளக் கணக்கு வேணுமாம். ரெஜிஸ்டரெல்லாம் கரையான் தின்னுபோட்டுது. பொட்டிக்குள்ள மட்டுந்தான் இருக்குது."

"பேக்கப்?"

பதில் இல்லை.

அன்றைக்கு ஆபீஸில் ஆணி புடுங்கும்போதெல்லாம் இதே நினைப்புதான். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். ஏனென்றால் கைவிடப்பட்ட கம்ப்யூட்டரைக் கையில் காசில்லாமல் ஓட்டுவது நம் நாட்டுக்குப் புதிதே இல்லை. ஒரு காலத்தில் நாடே அதைத்தான் செய்தது.

ஐ.பி.எம். 1401 என்றொரு இயந்திரம். 1959 அக்டோபரில் அறிமுகம். உலகம் முழுக்க பத்தாயிரத்துக்கும் மேல் விற்ற முதல் பெரிய வெற்றி அது. துளையிட்ட அட்டையில் கணக்கைக் கொடுத்தால், நிமிஷத்துக்கு 600 வரி அச்சடிக்கும் பிரிண்டரில் விடை வரும். அதிகபட்ச நினைவகம் 16,000 எழுத்து. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையை இன்றைய கம்ப்யூட்டர் சேமிக்கிற விதத்தில் வைத்தால் அதற்குள் அடங்காது! 1960-களில் நம் நாட்டில் பெரிய கம்பெனிகளும் ரயில்வேயும் சம்பளப் பட்டியல், கையிருப்பு என்று எல்லாவற்றையும் இதில்தான் போட்டார்கள்.

ஆனால் இயந்திரம் வாடகைக்குத்தான். மற்ற நாடுகளில் ஓடி ஓய்ந்த 1401-களைக் கொண்டுவந்து, இங்கே புதுப்பித்து வாடகைக்கு விட்டது ஐ.பி.எம். அமெரிக்காவில் 1971-ல் 1401 விற்பனையே நின்றுபோனது. இங்கே அதற்குப் பிறகும் வாடகை ஓடியது. பழைய சரக்கைத் தள்ளிவிட்டுக் கொழுத்த வாடகை வாங்குகிறார்கள் என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவே 1970-களின் நடுவில் கேள்வி எழுப்பியது.

அப்புறம் நடந்தது பலருக்கும் தெரியும். 1973-ல் அந்நியச் செலாவணிச் சட்டம் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியக் கிளையில் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கவேண்டும் என்றது. 1977-ல் ஜனதா ஆட்சி. ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தொழில்துறை அமைச்சர். நூறு சதவீதப் பங்கும் எங்களுடையதாகவே இருந்தால்தான் இருப்போம் என்ற ஐ.பி.எம்., 1978-ல் கடையைக் கட்டியது. கோக்க கோலா போனதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பானம் போனால் நன்னாரி சர்பத் குடிக்கலாம். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவர் போனால்? மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலை யார் அச்சடிப்பது?

இங்கேதான் சி.எம்.சி. வருகிறது. கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன். 1975 டிசம்பரில் ஆரம்பித்த அரசு நிறுவனம். ஐ.பி.எம். விட்டுப்போன சுமார் 800 இடங்களின் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை இதன் தலையில் விழுந்தது. ஐ.பி.எம்.மின் ஆட்கள் சிலர் ஐ.டி.எம். என்று தனியாகக் கம்பெனியும் ஆரம்பித்தார்கள்.

இயந்திரத்தின் அமைப்பும் கைகொடுத்தது. 1401-ன் உள்ளே உள்ளங்கை அளவு சர்க்யூட் அட்டைகள் வரிசையாகச் செருகியிருக்கும். ஒவ்வொன்றிலும் சில டிரான்சிஸ்டர்கள், ரெசிஸ்டர்கள். எது கெட்டது என்று ஆசிலோஸ்கோப்பில் பார்த்து, அந்த அட்டையை உருவி வேறொன்றைச் செருகலாம். கெட்ட அட்டையைப் பற்றவைத்து மறுபடி ஓட்டலாம். இன்றைய போர்டில் இதெல்லாம் நடக்காது.

இந்த ரிப்பேர் பட்டறையிலிருந்து வளர்ந்த சி.எம்.சி.தான் 1985-ல் டெல்லியில் ரயில் முன்பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது. ஐ.பி.எம். காலி செய்த சந்தையில் எச்.சி.எல்., விப்ரோ எல்லாம் கடை விரித்தன. விப்ரோ தன் கம்ப்யூட்டர்களைச் செய்த தொழிற்சாலை நம்ம மைசூரில்தான் இருந்தது. சி.எம்.சி. 2001-ல் டாடாவிடம் போய், 2015-ல் டி.சி.எஸ்.ஸோடு கலந்துவிட்டது.

இதே சமயத்தில் கடல் கடந்த ஊரில் வேறொரு வழி பிறந்திருந்தது. 1964-ல் ஐ.பி.எம். சிஸ்டம் 360 என்ற புது வரிசையைக் கொண்டுவந்தது. பழைய 1401-க்கு எழுதிய ப்ரோக்ராம் இதில் நேரடியாக ஓடாது. "எல்லாத்தையும் திரும்ப எழுதணுமா? போய்யா நீயும் உன் மிஷினும்" என்று வாடிக்கையாளர் முறைப்பார் அல்லவா? அதனால் 360-ன் சின்ன மாடல்கள் சிலவற்றுக்கு 1401 போல வேஷம் போடக் கற்றுக்கொடுத்தார்கள். பெட்டி புதுசு. உள்ளே ஓடுவது பழைய கணக்கு.

அடுத்த படி இன்னும் சுவாரசியம். மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் இருந்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் க்ரீசி குழுவினர் செய்த சி.பி.-40 என்ற மென்பொருள் 1967 ஜனவரியில் வேலைக்கு வந்தது. ஒரே இயந்திரத்துக்குள் 14 இயந்திரங்கள் இருப்பது போலக் காட்டியது. ஒவ்வொருவருக்கும் தன்னிடம் ஒரு முழு கம்ப்யூட்டர் இருப்பதாக நினைப்பு. 1972-ல் இதன் வாரிசான வி.எம்./370 விற்பனைக்கே வந்துவிட்டது. வர்ச்சுவல் மெஷின் என்று இன்று பொட்டி தட்டுபவர்கள் அடிக்கிற ஜல்லியெல்லாம் அங்கே ஆரம்பித்ததுதான்.

தங்கமணிக்கு நான் இதை இப்படித்தான் விளக்கினேன். நம்ம ஊர் ஒண்டுக்குடித்தனம். ஒரே வீடு, பதினாலு குடித்தனம். ஒவ்வொருத்தருக்கும் தனிச் சமையல், தனிப் பூட்டு. கிணறு மட்டும் பொது. வீட்டுக்காரம்மா சாமர்த்தியசாலியாக இருந்தால் யாருக்கும் இடைஞ்சல் தெரியாது. எல்லோரும் காலை ஏழு மணிக்கே தண்ணீர் இறைத்தால்தான் வம்பு. ஒரு குடித்தனத்தில் அடுப்பு அணைந்தால் மற்றவர்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. ஆனால் வீடே இடிந்தால் பதினாலு குடும்பமும் தெருவில். இந்தக் கடைசி வரியைத்தான் பட்ஜெட் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நம் மேசைமேல் இருக்கும் இன்டெல் வகைக் கம்ப்யூட்டருக்கு இந்த வித்தை வர ரொம்ப நாள் ஆயிற்று. அந்த சிப்பின் சில கட்டளைகளை வீட்டுக்காரம்மாவால் கண்காணிக்க முடியவில்லை என்பது காரணம். 1999-ல் வி.எம்.வேர் அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. 2003-ல் இங்கிலாந்து கேம்பிரிட்ஜிலிருந்து ஜென் வந்தது. 2005, 2006-ல் சிப்பிலேயே இதற்கு வசதி செய்தார்கள். 2007-ல் கே.வி.எம். லினக்ஸுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அதாவது வீட்டுக்காரம்மா இலவசம்.

இலவசம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சமீபத்துச் சேதி. 2023 நவம்பரில் வி.எம்.வேரை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒரு தடவை காசு கொடுத்தால் காலத்துக்கும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனையை நிறுத்திவிட்டு, இனி சந்தா மட்டும்தான் என்றது. படிக்கும்போது எனக்கு 1401 வாடகைதான் ஞாபகம் வந்தது.

சாமராஜநகர்க்காரர்கள் இந்தப் பிரச்சினையை அரசாங்க ரூபத்திலும் பார்த்திருக்கிறார்கள். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் கர்நாடகம் பூமி என்ற திட்டத்தில் சுமார் 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி நிலப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. தாலுகா ஆபீஸில் 15 ரூபாய் கொடுத்தால் பஹணி நகல் கையில் வந்தது. கையெழுத்துப் பஹணி செல்லாது என்று சொல்லிவிட்ட பிறகு, அந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான் நிலம். பெட்டி பழசாகலாம், உள்ளே இருப்பது தொலையக்கூடாது. மாமா கம்பெனிக்கும் அதே கதைதான், கொஞ்சம் சின்ன அளவில்.

சரி, மாமா பெட்டிக்கு வருவோம். உள்ளூர் ஹார்ட்வேர் தம்பி ஒருவர் வந்து திறந்து பார்த்தார். செத்தது பவர் சப்ளை. கத்தியது அதன் ஃபேன். ஹார்ட் டிஸ்க் பிழைத்திருந்தது. உடனே வேறு பவர் சப்ளை மாட்டி ஓட்டிவிடலாம் என்றார். வேண்டாம் தம்பி, முதலில் டிஸ்கை அப்படியே ஒரு பிரதி எடுங்கள் என்றேன். பதினெட்டு வயசு தாண்டிய டிஸ்க் இன்னொரு தடவை எழுந்திருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? பிரதி எடுத்து முடிக்க ஒரு ராத்திரி ஆனது.

பிறகு பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய சர்வர் ஒன்றைப் பிடித்தோம். ஏதோ பெரிய கம்பெனி கழித்துப் போட்டது. புதுசாக வாங்கியது இரண்டு டிஸ்க் மட்டும். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். மேலே ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற இலவச மென்பொருள், கே.வி.எம்.மை வைத்து ஓடுவது. எடுத்த பிரதியை அதில் ஒரு குடித்தனமாக ஏற்றினோம்.

ஏற்றினதும் நீலத் திரை! பழைய விண்டோஸுக்குப் புது டிஸ்க் கன்ட்ரோலர் யாரென்றே தெரியவில்லை. பழைய ஐ.டி.இ. டிஸ்க் மாதிரி வேஷம் போட்டுக் காட்டி, ரெஜிஸ்ட்ரியில் அந்த டிரைவரைத் தட்டி எழுப்பின பிறகுதான் கண் திறந்தது. அதற்கு மூன்று ராத்திரி. எனக்கு ராத்திரி, அவர்களுக்குப் பகல்.

இன்னொரு விஷயம். பெட்டியோடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் என்றால் வேறு பெட்டிக்கு மாற்ற அனுமதி கிடையாது. மாமா கம்பெனியில் தனியாக வாங்கிய பில் ஃபைலில் இருந்தது, தப்பித்தோம். யாரும் கைகொடுக்காத விண்டோஸ் என்பதால் அதற்கு இன்டர்நெட் கிடையாது. கணக்குப் பிரிவின் இரண்டு கம்ப்யூட்டர் மட்டும் தொடலாம். தினமும் இரண்டு பேக்கப். வாரம் ஒரு பிரதி மாமா வீட்டு பீரோவுக்குப் போகும். கணக்குக் கோப்புகள் டி.பி.எஃப். வகை. அவற்றை லிப்ரே ஆபீஸே திறக்கும் என்பதால் வருஷவாரியாக வேறு வடிவத்திலும் எடுத்து வைத்தோம். நாளைக்கு அந்த விண்டோஸே ஓடாவிட்டாலும் கணக்கைப் படிக்கலாம். ஒரு பேக்கப்பை எடுத்து வேறு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்து, கணக்கு திறக்கிறதா என்று மாமாவையே சோதிக்கச் சொன்னேன். திறந்து பார்க்காத பேக்கப்பும் அந்தக் கரையான் தின்ற ரெஜிஸ்டரும் ஒன்றுதான்.

கடைசியாக, செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வைக்கச் சொன்னேன். துபாய்ப் பையன் எழுதி வைக்காததால்தானே இவ்வளவு பாடு? நாளைக்கு நானும் போன் எடுக்காமல் போகலாம்.

அந்த வாரக் கடைசியில் மறுபடி போன். இந்த முறை மாலை நேரம், மாமா முன்னேறிவிட்டார்.

"பிரிண்ட் வந்துருச்சு கண்ணு. 2009-லிருந்து ஒரு மாசம் விடாம வந்துருச்சு. அந்தம்மா வாங்கிட்டுப் போச்சு. உன் பேரச் சொன்னேன், நல்லாருக்கணும்னு சொல்லுச்சு."

பின்னால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிர்ர்ரென்று ஓடுகிற சத்தம் கேட்டது. அதுவும் 2006-ல் வாங்கினதுதானாம்.

டிஸ்கி: ஊரில் அண்ணனோ மாமாவோ சின்னக் கடை, கம்பெனி வைத்திருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்பிட்டாச்சா என்று கேட்டதும், பேக்கப்பைத் திறந்து பார்த்தாச்சா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.