ஜோர்டான்: வணிகமும் முதலீடும்

எண்ணெய் வளம் ஏறக்குறைய இல்லாத அரபு நாடு ஜோர்டான். அதன் செல்வம் உப்பிலும் பாறையிலும் இருக்கிறது. சாக்கடல் நீரை அகன்ற பாத்திகளுக்கு இறைத்து வெயிலில் காயவிடுகிறார்கள். முதலில் சாதாரண உப்பு படியும். அடுத்த பாத்திகளில் கார்னலைட் என்னும் பொட்டாசிய உப்பு படியும். அதை மிதவை இயந்திரங்கள் வாரியெடுக்க, ஆலையில் பொட்டாஷ் பிரிகிறது. 1956-இல் தொடங்கப்பட்ட அரபு பொட்டாஷ் நிறுவனம் இத்தொழிலை நடத்துகிறது. தெற்கே எஷிதியாவில் பாஸ்பேட் வெட்டியெடுக்கப்படுகிறது. அங்கே பாஸ்பாரிக் அமில ஆலை அமைத்த கூட்டு முயற்சியில் தூத்துக்குடி ஸ்பிக் நிறுவனமும் பங்காளியாக இருந்தது.

அமெரிக்காவுடனான தடையற்ற வணிக ஒப்பந்தம் 2001-இல் நடைமுறைக்கு வந்தது. ஆயத்த ஆடைத் தொழில் தழைத்ததற்கு இத்தகைய ஒப்பந்தங்கள் தரும் வரிச்சலுகைகளே காரணம். தைப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், இலங்கை, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களின் கூலியையும் தங்குமிடத்தையும் கணக்கில் கொள்ளாத முதலீடு முறையான முதலீடு ஆகாது. நாட்டின் ஒரே கடல் துறைமுகமான அகபா 2001 முதல் சிறப்புப் பொருளாதார மண்டலம். தினார் 1995 முதல் டாலரோடு பிணைக்கப்பட்டிருப்பதால் நாணய மதிப்பு பற்றிய அச்சம் குறைவு.

முதலீட்டுக்குத் தண்ணீர்ப் பஞ்சம்தான் பெரிய தடை. தெற்கிலுள்ள திசி பகுதியின் நிலத்தடி நீரை 2013 முதல் 300 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் தலைநகர் அம்மானுக்குக் கொண்டுவருகிறார்கள்.